ஆசை இருக்கிறது, வழிதான் இல்லை

வேலப்பன்சாவடியில் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று வீட்டு ஓனரம்மா வரைக்கும் கேட்டுவிடுவார்கள். ஆணோடு வாழும் ஆணிடமும் பெண்ணோடு வாழும் பெண்ணிடமும் இந்தக் கேள்வி வருவதில்லை. அவர்களுக்குப் பிள்ளை ஆசையே கிடையாது என்று ஊர் முடிவு கட்டியாயிற்று.

ரிஸ்கின்ட், பேட்டர்சன் என்ற உளவியலாளர்கள் 2010-இல் அமெரிக்கக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து இதைப் பார்த்தார்கள். தன்பாலீர்ப்புள்ள ஆண்களிடம் பிள்ளை ஆசை மற்றவர்களைவிடக் குறைவுதான். ஆனால் ஆசை இருக்கிறது என்றவர்களிலேயே, 'பெற்று வளர்க்கத்தான் போகிறேன்' என்று சொன்னவர்கள் மற்ற ஆண்களைவிடக் குறைவாக இருந்தார்கள். தன்பாலீர்ப்புள்ள பெண்களிடம் ஆசைக்கும் முடிவுக்கும் நடுவே அந்த வித்தியாசம் இல்லை. காரணம் மனசில் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெண்ணுக்குக் கருப்பை இருக்கிறது. ஆண் இன்னொருவர் தயவையும் சட்டத்தின் தயவையும் எதிர்பார்க்க வேண்டும்.

நம் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ஆம் ஆண்டு வாடகைத்தாய் சட்டம் மணமான ஆண்-பெண் தம்பதிக்கு வழிவிடுகிறது. அதை விட்டால் 35 முதல் 45 வயதுக்குள் இருக்கும் விதவைக்கும் மணவிலக்கு பெற்றவளுக்கும். ஜோடியாகத் தத்தெடுக்க இரண்டு வருட மணவாழ்க்கை வேண்டும். தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தர மாட்டார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் மூவர், மணமாகாத ஜோடிகளுக்காக இந்தத் தத்து விதியைத் தளர்த்த மறுத்தார்கள். வழியே இல்லாத ஆசையை எவ்வளவு நாள்தான் வாய்விட்டுச் சொல்வது?

இத்தனைக்கும், சட்டத்தைக் கேட்காமலே இங்கே தாய்மை நடந்துகொண்டிருக்கிறது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட இளம் திருநங்கையை மூத்தவர் ஒருவர் மகளாக ஏற்பது திருநங்கையரின் சமூக அமைப்பான ஜமாத்தில் பழைய வழக்கம். அம்மா, நானி என்று தலைமுறையே உண்டு. சென்னையில் நூரி என்ற திருநங்கை, எச்ஐவியோடு பிறந்த குழந்தைகளுக்கு இல்லம் நடத்தி அம்மாவானார்.

வளர்ப்பது மூளையையும் விட்டுவைப்பதில்லை. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர், பெற்றோர் தங்கள் குழந்தையோடு வீட்டில் இருப்பதைப் படமெடுத்து, பிறகு அதையே அவர்களுக்குக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். தாய்மாரிடம் அமிக்டலா உள்ளிட்ட உணர்ச்சிப் பகுதிகள் ஓங்கி வேலை செய்தன. மனைவிக்கு ஒத்தாசையாக மட்டும் இருந்த அப்பாக்களிடம், அடுத்தவர் மனதை ஊகிக்கும் பகுதிகள். அம்மாவே இல்லாத வீட்டில் குழந்தை வளர்த்த 48 தன்பாலீர்ப்பு அப்பாக்களிடமோ இரண்டும் சேர்ந்து இயங்கின. குழந்தையோடு ஓர் அப்பா செலவிட்ட நேரம் கூடக் கூட, இரண்டுக்கும் இடையிலான தொடர்பும் பலமாக இருந்தது. 2014-இல் வெளியான முடிவு இது.

காகிதங்கள் இவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. 2023 பிப்ரவரியில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு திருநம்பி குழந்தை பெற்றார், இணையர் திருநங்கை. பெற்றவரைத் தாய் என்றும் இணையரைத் தந்தை என்றும் மாநகராட்சி பிறப்புச் சான்றிதழில் எழுதியது. இருவரையும் வெறுமனே பெற்றோர் என்று குறிப்பிட்டுத் தரும்படி கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 ஜூனில். குழந்தைக்கு அதற்குள் இரண்டு வயது தாண்டிவிட்டது.