எல்லைப்புறப் பள்ளிகளின் தேர்ச்சிக் கணக்கு

ஓர் அரசுப் பள்ளி எப்படி நடக்கிறது என்று கேட்டால், ஊரில் முதலில் வருவது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடுதான். ஒவ்வொரு பாடத்திலும் 100-க்கு 35 எடுத்தால் தேர்ச்சி. 2024-இல் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடு; அரசுப் பள்ளிகளில் அது 87.90.

இது தேர்வு எழுதியவர்களை மட்டுமே எண்ணும் கணக்கு. ஆறாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்த பள்ளியில் 20 பேர் வழியில் நின்றுபோய், எஞ்சிய 40 பேரில் 36 பேர் தேறினால் பலகையில் எழுதப்படுவது 90 விழுக்காடு. சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 60 விழுக்காடு. தமிழ்நாட்டின் எல்லையோரக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஓசூர், தளி, அஞ்செட்டி வட்டாரங்களில் இந்த வேறுபாட்டைக் கவனிக்கப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, வீட்டின் கல்வி. 2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எழுத்தறிவு 71.46 விழுக்காடு, மாநிலச் சராசரி 80.09. மாவட்டப் பெண்களிடம் எழுத்தறிவு 63.91 மட்டுமே. பாடத்தில் ஐயம் வந்தால் கேட்க வீட்டில் ஆளில்லாத பிள்ளைகள் இங்கே பலர்.

இரண்டாவது, மொழி. எல்லையோர ஊர்களில் பல வீடுகளின் பேச்சு தெலுங்கு, கன்னடம் அல்லது உருது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஒன்றாம் வகுப்பு முதல் கட்டாயப் பாடமாக்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுசென்றது. மொழிச் சிறுபான்மைப் பள்ளி மாணவர்கள் நீதிமன்றம் சென்று சில ஆண்டுகளுக்கு விலக்குப் பெற்றனர். வீட்டில் கேட்டறியாத மொழியை எழுத்தோடு சேர்த்துக் கற்கும் பிள்ளைக்குத் தொடக்க வகுப்பில் கூடுதல் காலம் தேவை.

மூன்றாவது, வேலை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையும் அருகிலுள்ள பெங்களூரும் ஆட்களை இழுக்கின்றன. வெளிமாவட்டம், வடமாநிலம் என எங்கிருந்தோ வந்து வாடகை வீட்டில் தங்கும் குடும்பம் வேலை மாறினால், பிள்ளை ஆண்டின் நடுவிலேயே பள்ளி மாறுகிறது. வளர்ந்த பையனுக்குக் கூலி வேலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. உள்கிராமங்களில் பெண் பிள்ளைகளின் படிப்பை இளவயதுத் திருமணம் நிறுத்துகிறது.

அரசுத் திட்டங்கள் இவற்றில் சிலவற்றைத் தொடுகின்றன. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளில் வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்ய முயல்கிறது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்லும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் தருகிறது.

ஒவ்வொரு மாணவருக்கும் இப்போது எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறை) எண் இருப்பதால், ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் பத்தாம் வகுப்பு வரை வந்தாரா, வேறு பள்ளிக்கு மாறினாரா, நின்றுவிட்டாரா என்று தொடர்ந்து பார்க்க முடியும். தேர்ச்சி விழுக்காட்டோடு அந்த எண்ணிக்கையும் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கப்பட்டால்தான், உயர்ந்த விழுக்காடு கற்பித்ததால் வந்ததா, கடைசி வரிசை காலியானதால் வந்ததா என்பது தெரியும்.