சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடாது

“கோர்ட்டிலிருந்து சம்மனோடு அமீனா வந்தார். நாங்கள் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டோம். அப்படியென்றால் எங்களுக்குச் சம்மனே வரவில்லை என்றுதானே கணக்கு?”

பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, கடன் வழக்கு என்று சிக்கிக்கொண்ட குடும்பங்கள் வழக்கறிஞர் முன்னால் உட்கார்ந்ததும் இதைத்தான் சொல்கின்றன. சிலர் பெருமையாகவே சொல்கிறார்கள். சட்டத்தின் கணக்கோ நேர் எதிர். சம்மனை வாங்க மறுத்தால், அது உங்களுக்கு முறைப்படி சார்வு செய்யப்பட்டதாகவே, அதாவது கையில் சேர்ந்ததாகவே, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது உங்களோடு குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தினர் வாங்கினாலும் நீங்கள் வாங்கியது மாதிரிதான். வாங்க ஆளில்லை என்றால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் செய்தித்தாளில் விளம்பரம். ஒட்டியதைக் கிழித்து எறிகிறவர்கள் உண்டு. காகிதம்தான் கிழியும், வழக்கு கிழியாது.

நீதிமன்றச் சொற்கள் வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் உரியவை, நமக்கு எதற்கு என்று இருந்துவிடுகிறோம். அங்கே புழங்கும் பல சொற்களுக்குப் பின்னால் ஒரு கெடு இருக்கிறது. சொல் புரியாவிட்டால் கெடுவும் தெரியாது. கெடு போனபின் அழுவதில் பயனில்லை.

முதலில் கையில் வந்த தாளைப் படியுங்கள். மேலே நீதிமன்றத்தின் பெயர் இருக்கும்: மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் (முன்சீப் கோர்ட் என்பது இதுதான்), சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம். ஒரே வளாகத்தில் ‘முதன்மை’, ‘கூடுதல்’ என்று இரண்டு மூன்று இருக்கும். கூடுதல் முன்சீப் கோர்ட்டில் டவாலி பேர் சொல்லிக் கூப்பிடும்போது, முதன்மை முன்சீப் கோர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தவர்களும் இருக்கிறார்கள். பெயருக்குக் கீழே வழக்கு எண்ணும் ஆண்டும் இருக்கும். ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு. ஐ.ஏ. என்றால் அந்த வழக்குக்குள் போடப்பட்ட இடைக்கால மனு. ஈ.பி. என்றால் தீர்ப்பாணையை நிறைவேற்றித் தரச் சொல்லும் மனு. ஈ.பி. நோட்டீஸ் வந்திருந்தால் ஒன்று நிச்சயம்: அசல் வழக்கு உங்களுக்கு எதிராக முடிந்துவிட்டது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு “இப்போதுதானே கேஸ் போட்டிருக்கிறார்கள்” என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

வழக்குப் போட்டவர் வாதி. எதிரே நிறுத்தப்பட்டவர் பிரதிவாதி. பிரதிவாதி என்பதாலேயே குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள், பயப்பட ஒன்றுமில்லை. சம்மனோடு பிராதின், அதாவது வாதியின் வழக்குரையின், நகல் வரவேண்டும். இல்லையென்றால் வாங்கும்போதே அதைச் சொல்லி, கையெழுத்துப் பக்கத்தில் எழுதியும் வையுங்கள். பிராதுக்கு நீங்கள் தரவேண்டிய பதில் எதிருரை. சம்மன் சார்வான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டலாம் என்கிறது உரிமையியல் விசாரணை முறைச் சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா ஓடுவதைப் பார்த்துப் பழகிவிட்டதால் இதை யாரும் மதிப்பதில்லை. உங்கள் வழக்கைக் கேட்கும் நீதிபதி மதிக்கிறவராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

வாய்தா அன்று நீங்களும் இல்லை, வக்காலத்துப் போட்ட வழக்கறிஞரும் இல்லை என்றால் உங்களை ‘எக்ஸ்பார்ட்டி’ ஆக்குவார்கள். இதில் இரண்டு படிகள் இருப்பது பலருக்குத் தெரியவில்லை. நீங்கள் வரவில்லை என்று பதிவு செய்து உங்களை ஒதுக்கிவைப்பது முதல் படி. வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த வாய்தாவுக்குள் ஓடிப்போய்த் தகுந்த காரணம் சொல்லி மனுக் கொடுத்தால் மறுபடி உள்ளே வரலாம். இரண்டாவது படி, எதிர்த்தரப்பின் சாட்சியத்தை மட்டும் கேட்டு வழங்கப்படும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை. அது முழுமையான தீர்ப்பாணை. அதை வைத்து வீட்டை ஜப்தி செய்யலாம், ஏலம் விடலாம்.

அதை நீக்கக் கோரும் மனுவை, தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாட்களுக்குள், அதே நீதிமன்றத்தில் போட வேண்டும். மேல் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லை. சம்மன் உண்மையிலேயே முறையாகச் சார்வாகவில்லை என்றால், தீர்ப்பாணை பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்கள். அந்தக் கெடுவும் தாண்டிவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரிக் காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி இன்னொரு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். ‘உடல்நலக் குறைவால் வர இயலவில்லை’ என்ற ஒற்றை வரி போதாது. மருத்துவமனையில் இருந்தீர்கள் என்றால் டிஸ்சார்ஜ் தாள் வேண்டும். வெளிநாட்டில் இருந்தீர்கள் என்றால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரை விழுந்த பக்கம் வேண்டும். எந்தத் தேதியில், யார் மூலம் தெரிந்துகொண்டீர்கள் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும்.

அந்தப் பத்திரத்தில் பொய் எழுதாதீர்கள். ‘சம்மன் வரவேயில்லை’ என்று எழுதும் முன் வழக்குக் கட்டில் இருக்கும் அமீனாவின் அறிக்கையை உங்கள் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். நேரில் போகாமலே ‘கதவு பூட்டியிருந்தது’ என்று எழுதிவிடுவதாக அமீனாக்கள் மீது புகார் வராத ஊர் இல்லை. அது அக்கிரமம்தான், நீதிமன்றத்தில் சொல்லித் திருத்தலாம். ஆனால் சம்மன் சார்வில் ஏதோ முறைகேடு என்ற ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்க முடியாது. வாய்தா தேதி உங்களுக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்ல அவகாசமும் இருந்தது என்று நீதிமன்றத்துக்குப் பட்டால் அந்த வாதம் நிற்காது.

மனு அனுமதிக்கப்படும்போது பெரும்பாலும் ஒரு செலவுத்தொகையை இன்ன தேதிக்குள் கட்டச் சொல்வார்கள். சின்னத் தொகைதானே என்று அந்தத் தேதியை விட்டுவிட்டால் அனுமதித்த மனுவே தள்ளுபடி ஆகிவிடும். கட்டிய ரசீதைக் கையில் வைத்திருங்கள்.

அடுத்து நகல். தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுப் போட்டுவிடுங்கள், அன்றே. மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாட்கள், உயர்நீதிமன்றத்துக்கு 90 நாட்கள். சான்றிட்ட நகல் கிடைக்க ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் ‘ஆகும் நாட்கள்’ எவை என்பதை நகலில் குத்தும் ரப்பர் முத்திரைதான் சொல்லும். மனுச் செய்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்ற நாள் என்று வரிசையாக அதில் தேதிகள் இருக்கும். தயாரான பிறகு நீங்கள் சாவகாசமாகப் போய் வாங்கினால் அந்த நாட்கள் உங்கள் தலையில்தான் விழும். நகல் பிரிவில் ‘தயாராகிவிட்டது’ என்று ஆள் அனுப்பிச் சொல்ல மாட்டார்கள். எந்தப் பட்டியல் எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று கேட்டாலும் சரியாகப் பதில் வராது. நீங்களேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

“அப்பீல் போட்டாச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது” என்பது அடுத்த தவறு. மேல்முறையீடு போட்டதாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. தடையாணை என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் விட்டால் மேலே அப்பீல் நடந்துகொண்டிருக்கும்போதே கீழே ஈ.பி. நடக்கும். ஸ்டே என்ற தடையாணை வேறு, இன்ஜங்ஷன் என்ற உறுத்துக்கட்டளை வேறு. முன்னது நடவடிக்கையை நிறுத்தும், பின்னது ஆளைக் கட்டுப்படுத்தும். உங்கள் தரப்பு கேட்கப்படாமலே எதிராளி அவசர உத்தரவு வாங்கிவிடுவார் என்று பயம் இருந்தால் முன்கூட்டியே கேவியட் மனுப் போடலாம். அதன் ஆயுள் 90 நாட்கள்தான். அதற்குப் பிறகு புதிதாகப் போட வேண்டும்.

வக்காலத்துப் போட்டதோடு நம் வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வழக்கின் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடங்கள் கொண்டது. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று கைபேசியிலேயே வந்துவிடும். பேரன் பேத்தியிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. “குமாஸ்தா சொல்வார்” என்று காத்திருந்துதான் பலர் எக்ஸ்பார்ட்டி ஆகிறார்கள்.

குற்ற வழக்கில் விபரீதம் இன்னும் பெரிது. சம்மனுக்கு வராவிட்டால் பிடியாணை வரும். பிறப்பித்த நீதிமன்றம் ரத்துச் செய்யும்வரை அல்லது உங்களைப் பிடிக்கும்வரை அது உயிரோடுதான் இருக்கும், வருடக்கணக்கானாலும். தலைமறைவாவது தீர்வில்லை. வழக்கறிஞரோடு நேரில் போய்ப் பிடியாணையைத் திரும்பப் பெறக் கோரி மனுக் கொடுங்கள். புகார் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது, புகாரை வாங்கியதற்கான அத்தாட்சி மட்டுமே. வழக்குப் பதிவானதற்கு அடையாளம் எஃப்.ஐ.ஆர்., அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தரவேண்டும். வழக்குப் பதிய மறுத்தால் புகாரின் சாராம்சத்தை எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். இன்னொரு எச்சரிக்கை: வீடியோ அழைப்பில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுகிறவன் திருடன். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் வக்கீல் வைக்கப் பணம் வேண்டுமே என்பவர்களுக்குத்தான் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும். பலர் அதன் பலகையைத் தாண்டிப் போய் வெளியே கடன் வாங்குகிறார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. சம்மன், பிராது நகல், ஆதார், சாதிச் சான்றோ வருமானச் சான்றோ எடுத்துக்கொண்டு, சம்மன் வந்த வாரத்திலேயே போங்கள். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.