எது மாறாமல் இருக்கிறது?

மின்திறனுக்குப் பள்ளிப் பாடத்தில் இரண்டு சூத்திரங்கள் உண்டு. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கு என்கிறது ஒன்று. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகு என்கிறது மற்றொன்று. முதலாவதை நம்பினால் மின்தடை கூடும்போது திறனும் கூட வேண்டும். இரண்டாவதை நம்பினால் குறைய வேண்டும். இரண்டுமே சரியான சூத்திரங்கள்தான். அப்படியானால் மின்தடை கூடினால் பல்பு பளிச்சென்று எரியுமா, மங்குமா?

மனப்பாடமாகப் படித்தவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவரிடம் இரண்டு வரிகளும் பிழையில்லாமல் இருக்கின்றன. எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதுதான் இல்லை. அதைத் தீர்மானிக்க ஒரு கேள்வி போதும்: மின்தடையை மாற்றும்போது வேறு எது மாறாமல் இருக்கிறது?

60 வாட், 100 வாட் என்று இரண்டு குண்டு பல்புகளை எடுத்துக்கொள்வோம். வீட்டில் எல்லா விளக்குகளும் பக்க இணைப்பில் இருப்பதால், எதைப் போட்டாலும் அதற்குக் கிடைப்பது அதே 230 வோல்ட். மாறாதது மின்னழுத்தம். ஆகவே இரண்டாவது சூத்திரம்: மின்தடை குறைந்த பல்புதான் அதிகம் எரியும். கணக்குப் போட்டால் 100 வாட் பல்பின் மின்தடை 529 ஓம், 60 வாட் பல்புக்குச் சுமார் 882 ஓம்.

இப்போது அதே இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் கோத்து, மொத்தத்துக்கும் 230 வோல்ட் கொடுத்தால்? இரண்டின் வழியாகவும் ஓடுவது ஒரே மின்னோட்டம். மாறாதது மின்னோட்டம் என்பதால் முதல் சூத்திரம். மின்தடை அதிகமுள்ள 60 வாட் பல்புதான் கூடுதலாக எரியும். அதற்குச் சுமார் 23 வாட், ‘பெரிய’ பல்புக்கு 14 வாட்.

இது வைவாவில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி. ‘தொடரில் வாட் குறைந்ததுதான் பிரகாசம்’ என்று விடையையே உருப்போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களை அடுத்த கேள்வி பிடித்துவிடும்: நிஜத்தில் அந்த வித்தியாசம் கணக்கில் வருவதைவிடக் கூடுமா, குறையுமா? பல்பின் டங்ஸ்டன் இழை சூடாக ஆக அதன் மின்தடை ஏறும். 529, 882 என்பவை முழுச் சூட்டில் உள்ள அளவுகள். தொடரில் இரண்டுமே குறைந்த சூட்டில் எரிகின்றன. 100 வாட் பல்பு இன்னும் ஆறிப்போய், அதன் மின்தடை இன்னும் இறங்கி, அதன் பங்கு மேலும் சுருங்குகிறது. ஆக, வித்தியாசம் கூடும். உருப்போட்ட வரி இந்த இடத்துக்கு வராது. காரணம் தெரிந்தவர் தானே நடந்து வந்துவிடுவார்.

காரணம் தெரியாமல் உருப்போடுவது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை மட்டுமல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர், தன் மாணவர்களுக்கு நியூட்டன் விதிகளை ஒட்டிச் சூத்திரம் எதுவும் தேவைப்படாத எளிய கேள்விகளைக் கொடுத்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவர் கேட்டாராம். அதன்பின் மஸூர் தேர்வில் மின்சுற்று பற்றி இரண்டு கேள்விகளை அருகருகே வைத்தார். ஒன்று, சமன்பாடுகள் போட்டுத் தீர்க்க வேண்டிய வழக்கமான கணக்கு. மற்றது, தொடரில் உள்ள ஒரே மாதிரியான மூன்று பல்புகள். அவற்றில் ஒன்றின் இரு முனைகளையும் சுவிட்ச் போட்டு நேரடியாக இணைத்தால் மற்ற இரண்டும் என்ன ஆகும்? கடினமான கணக்கில் நன்றாகச் செய்தவர்களில் பலர் இந்த எளிய கேள்வியில் தடுமாறினார்கள். மின்னோட்டம் பல்பை விட்டுவிட்டுக் கம்பி வழியே போகும், அந்தப் பல்பு அணையும், மின்னழுத்தத்தை மற்ற இரண்டும் பங்கிட்டுக்கொண்டு பிரகாசமாகும். அவ்வளவுதான் விடை.

மஸூர் கண்ட வழியும் எளிதானது. வகுப்பில் ஒரு கேள்வி. முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரைத் தன் விடைக்கு இணங்க வைக்க வாதாட வேண்டும். பிறகு மறுபடி விடை. 1997-இல் இந்த முறையைப் புத்தகமாகவும் எழுதினார். இதில் முக்கியமானது, என் பார்வையில், விவாதம்கூட இல்லை. விடை தெரிவதற்கு முன் ஒரு பக்கம் நின்றுவிடுவது. ஊகித்தவருக்குத்தான் தவறியது தெரியும். ஊகிக்காமல் விடையைப் பார்ப்பவருக்கு எல்லாம் ‘தெரிந்ததுதான்’.

எது மாறாதது என்று தெரியாமல் சூத்திரத்தில் மாட்டிக்கொள்ளும் சிக்கல் உயர் அழுத்த மின்கம்பிகளிலும் உண்டு. மின் இழப்பைக் குறைக்க மின்னழுத்தத்தை உயர்த்துகிறார்கள் என்பது எல்லோரும் எழுதும் விடை. ‘வி ஈக்வல் டு ஐஆர்’ என்று படித்த பிள்ளை, அழுத்தம் கூடினால் ஓட்டமும் கூடத்தானே வேண்டும் என்று கேட்டால் பல வகுப்புகளில் பதில் கிடைப்பதில்லை. அனுப்ப வேண்டிய திறன் இங்கே மாறாதது. பத்து லட்சம் வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பச் சுமார் 4,348 ஆம்பியர் வேண்டும். 2,30,000 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் போதும். ஓட்டம் ஆயிரத்தில் ஒரு பங்கானால், அதே கம்பியில் சூடாக வீணாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஓம் விதியும் பொய்யாகவில்லை. அதிலுள்ள மின்னழுத்தம் கம்பியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே உள்ள வேறுபாடு. கோபுரத்தில் எழுதியிருக்கும் எண் அல்ல.

மனப்பாடத்தை முழுக்கத் திட்டுவதும் அபத்தம். வாய்ப்பாடு, அலகுகள், குறியீடுகள் இவற்றை நெட்டுருப் போடத்தான் வேண்டும்; ஒவ்வொரு முறையும் ஏழெட்டு என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தால் சிந்திக்க நேரம் இருக்காது. சூத்திரத்தையும் போடுங்கள், அது எந்த நிபந்தனையில் செல்லும் என்பதோடு சேர்த்து. அடுத்த கணக்கில் எண்களைத் தொடும் முன், விடை கூடுமா குறையுமா என்று ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

மஸூரின் கேள்வியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூன்று டார்ச் செல், 2.5 வோல்ட் இழை பல்புகள் மூன்று, கொஞ்சம் வயர் போதும். எல்இடி வேண்டாம், அதன் குணம் வேறு. வீட்டு பிளக்கில் மட்டும் எதையும் செருகிப் பார்க்காதீர்கள்.