தண்ணீருக்கு ஒளிவிலகல் எண் இரண்டா?

மாணவ நண்பர்களே, ஒரு சிவப்புப் பேனா குறியில் இருந்து தொடங்குகிறேன்.

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்தபோது, இயற்பியல் பயிற்சித்தாள் ஒன்றில் தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணைக் கணக்கிடச் சொல்லியிருந்தார்கள். புதிதாகப் படித்த சூத்திரம் கையில் இருந்தது. மதிப்புகளைப் போட்டேன். 8.9 என்று விடை வந்தது. தாள் திரும்பி வந்தபோது விடையின்மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் 1.33 என்று எழுதியிருந்தது. வேறு விளக்கம் இல்லை.

அன்று மாலை இரண்டாவது பாலத்தில் பத்து காவானை நோக்கி மோட்டார் சைக்கிளில் வரும்போது மனம் கனத்திருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், பிறகு மலாய் வழி இடைநிலைப்பள்ளி, இப்போது ஆங்கிலத்தில் பாடம். எங்கோ ஒரு மொழியில் எதையோ தவறவிட்டுவிட்டேனோ? எனக்கு இயற்பியல் சரிப்பட்டு வராதோ? துறையை மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட எண்ணினேன்.

பிறகுதான் தெரிந்தது, என் கணக்கில் பிழையே இல்லை.

பள்ளியில் படித்தது

படிவம் 4இல் நாம் 'இண்டெக்ஸ் பியாசான்' என்று படிப்பதுதான் ஒளிவிலகல் எண். வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தை, ஒரு பொருளுக்குள் அதன் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. தண்ணீரில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 225,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது, ஆகவே 1.33. வாளித் தண்ணீரில் வைத்த குச்சி வளைந்ததுபோல் தெரிவது இதனால்தான்.

ஆனால் ஒளி ஏன் தண்ணீரில் மெதுவாகச் செல்ல வேண்டும்? பள்ளியில் நான் இதைக் கேட்டதே இல்லை.

1865இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழி காட்டியது. ஒளி ஒரு மின்காந்த அலை. அது ஒரு பொருளுக்குள் நுழையும்போது, அங்குள்ள மின்னூட்டங்களை ஆட்டுகிறது. ஆடும் மின்னூட்டங்கள் தாமும் சிறு அலைகளை வெளியிடுகின்றன. மூல அலையோடு இவை சேரும்போது, கூட்டலையின் முகடு பின்தங்கி நகர்கிறது. நாம் அதை 'ஒளி மெதுவாகச் செல்கிறது' என்கிறோம்.

ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதைக் காட்டுவது ஒப்புமை விடுதிறன். காந்தப்புலத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதைக் காட்டுவது ஒப்புமை உட்புகுதிறன். இவ்விரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஒளிவிலகல் எண் கிடைக்கும். கண்ணாடி, தண்ணீர், வைரம் போன்றவற்றின் உட்புகுதிறன் ஏறக்குறைய 1. ஆகவே விடுதிறனின் வர்க்கமூலமே போதும்.

வைரத்தில் சோதித்துப் பாருங்கள். அதன் விடுதிறன் சுமார் 5.7. வர்க்கமூலம் 2.39. ஒளியைச் செலுத்தி அளந்தால் 2.42. அருமையாகப் பொருந்துகிறது!

தண்ணீரின் விடுதிறன் சுமார் 80. வர்க்கமூலம் 8.9. இதுதான் என் தாளில் இருந்த விடை. சூத்திரம் வைரத்துக்குப் பொருந்தி, தண்ணீருக்கு ஏன் பொய்த்தது?

கல்கத்தாவில் ஒரு கண்ணாடித் துண்டு

விடை தேடியபோது ஜகதீஷ் சந்திர போஸ் எதிர்ப்பட்டார். செடிகொடிகளை ஆராய்ந்தவர் என்றே அவரை நாம் அறிவோம். அதற்குமுன், 1890களில், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அவர் மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள மின்காந்த அலைகளை உருவாக்கினார். அவை ஒளியைப் போன்றவைதாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாது, அதிர்வெண்ணும் மிகக் குறைவு. அந்த அலைகளுக்குப் பல பொருள்களின் ஒளிவிலகல் எண்ணை அவர் அளந்தார்.

1897இல் கண்ணாடியைப் பற்றிய முடிவை வெளியிட்டார். ஒளிக்கு அந்தக் கண்ணாடியின் எண் 1.53. அவருடைய மின்னலைக்கோ 2.04. நாம் படிக்கும் மாறுநிலைக் கோணத்தில் சொன்னால், ஒளிக்குச் சுமார் 41 பாகை. அந்த அலைக்குச் சுமார் 29 பாகை. ஒரே கண்ணாடிக்கு இரண்டு எண்கள்!

அதைப் படித்தபோது எனக்கு மூச்சு வந்தது. என் தாளில் இருந்த முரண்பாடு நூறாண்டுக்கு முன்பே ஒருவர் அளந்து காட்டிய உண்மை.

கவாத்துத் திடலில் விடை

பள்ளித் திடலில் கவாத்துப் பயிற்சி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஒரு முறை 'வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு' என்று கட்டளை வந்தால் எல்லாரும் உடலோடு திரும்புவார்கள். விநாடிக்குப் பத்து முறை கட்டளையிட்டால்? யாராலும் திரும்ப முடியாது. கண்களை மட்டும் கொஞ்சம் உருட்டலாம்.

தண்ணீர் மூலக்கூறும் அப்படித்தான். அதன் ஒரு பக்கம் நேர்மின் தன்மை, மறுபக்கம் எதிர்மின் தன்மை. மின்புலம் மெதுவாக மாறினால் மூலக்கூறு முழுவதும் திரும்பி இணங்குகிறது. அப்போது விடுதிறன் 80. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 500 டிரில்லியன் முறை அதிர்கிறது. அந்த வேகத்துக்கு மூலக்கூறு திரும்பாது. எடை குறைந்த எலக்ட்ரான்கள் மட்டுமே அசையும். அப்போது விடுதிறன் 1.77 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதன் வர்க்கமூலம் 1.33.

வைரத்தில் திரும்புவதற்கு மூலக்கூறு எதுவும் இல்லை. எலக்ட்ரான்களே பெரும்பாலும் இணங்குவதால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன. போஸின் கண்ணாடியில் மின்னூட்டம் பெற்ற அணுக்கள் மெதுவான அலைக்கு அசைந்து கொடுக்கின்றன. ஒளிக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு இதற்கு நல்ல சான்று. அதன் அலை விநாடிக்கு 2.45 பில்லியன் முறை அதிர்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் அதைத் தொடர்ந்து திரும்புகின்றன, ஆனால் சற்றுப் பின்தங்கி. அந்தப் பின்தங்கலில்தான் ஆற்றல் வெப்பமாகிறது. அந்த அலைக்குத் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 9ஐ ஒட்டியே இருக்கும். காற்றில் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள அலை, தண்ணீருக்குள் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும்.

ஆக, 1.33உம் சரி, 8.9உம் சரி. நான் விட்டது ஒன்றுதான்: எந்த அதிர்வெண்ணுக்கு என்று சொல்லவில்லை. தாளை எடுத்துக்கொண்டு விரிவுரையாளரிடம் போனேன். மதிப்பெண் கூடவில்லை, கேள்வி ஒளியைப் பற்றியது, ஆகவே 1.33தான் விடை என்றார். ஆனால் அரைமணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். துறை மாறும் எண்ணம் அந்த அறையிலேயே போய்விட்டது.

நம் ஊர்ப் பலகையில்

பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டம். இன்று மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கெல்லாம் புழங்கும் பச்சை நிற மின்சுற்றுப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த பலகை அது. அதன் விடுதிறன் சுமார் 4, வர்க்கமூலம் 2. வெற்றிடத்தில் ஒரு நானோவிநாடியில் 30 சென்டிமீட்டர் செல்லும் சமிக்ஞை, பலகையில் 15 சென்டிமீட்டர்தான் செல்லும்.

சென்ற மாதம் ஒரு பழைய கணினிப் பலகையைத் தம்பியிடம் காட்டினேன். அவன் படிவம் 3. அடுத்த ஆண்டு இயற்பியல் எடுக்கலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருக்கிறான்.

"இந்தச் செப்புக் கோடு நேராப் போகாம ஏன்க்கா பாம்பு மாதிரி நெளியுது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. பல கோடுகளில் போகும் சமிக்ஞைகள் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். குட்டையான கோட்டில் போவது முந்திவிடாமல் இருக்க, அந்தக் கோட்டை வேண்டுமென்றே நெளியவிட்டு நீளமாக்குகிறார்கள். அந்தக் கோடுகளில் சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை அந்த 4 என்ற எண்தான் சொல்கிறது.

இதே வகைப் பலகையில் செப்பு வளையங்களையும் கோடுகளையும் பதித்து, 2001இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஆய்வாளர்கள் இன்னொன்றைச் செய்து காட்டினர். விடுதிறன், உட்புகுதிறன் இரண்டும் எதிர்மமாக இருந்தால் அலை வழக்கத்துக்கு மாறான பக்கம் விலகும் என்று 1967இலேயே ரஷ்ய அறிஞர் விக்டர் வெசலாகோ எழுதியிருந்தார். மைக்ரோவேவ் அலையைக் கொண்டு அவர்கள் அதை மெய்ப்பித்தனர்.

அட்டவணையில் உள்ள எண்ணை மனப்பாடம் செய்யுங்கள், எஸ்.பி.எம். தேர்வுக்கு அது வேண்டும். கூடவே, அது எந்தக் கேள்விக்கான விடை என்றும் கேளுங்கள். உங்கள் விடையின்மேல் சிவப்புக் கோடு விழுந்தால், தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். ஆசிரியரிடம் கொண்டுபோய் 'ஏன்?' என்று கேளுங்கள்.

தம்பி இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அந்தப் பலகை இப்போது அவன் மேசையில் இருக்கிறது.