காய்ச்சுவது நாம், பீராக்குவது ஈஸ்ட்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். ஒரு நவம்பர் மாதம் மூன்று வாரம் அவன் வீட்டில் தங்கியிருந்தேன். போய்ச் சேர்ந்த முதல் சனிக்கிழமை, "இன்னிக்கு பீர் காய்ச்சப் போறேன்ண்ணா, கூட இருங்க" என்றான். அடுப்பு எரியும், பார்லி மணக்கும் என்று எதிர்பார்த்துச் சமையலறைக்குப் போனேன். முதல் ஒரு மணி நேரம் முழுக்கக் கழுவல்தான். மூடி போட்ட 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, ரப்பர் குழாய், கரண்டி, வெப்பமானி எல்லாவற்றையும் முதலில் சோப்பால் தேய்த்தான். பிறகு கிருமிநீக்கிக் கரைசலில் மூழ்கவைத்தான். கடைசியாக ஒரு கத்தரிக்கோலையும் அதில் போட்டான். அது எதற்கு என்று கேட்டேன். "ஈஸ்ட் பாக்கெட்டை வெட்ட" என்றான்.

அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்தபோதுதான் இது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குப் பிடிபட்டது. இதில் பாதி சமையல். மீதி, மாடு வளர்ப்பதுபோல ஓர் உயிரை வைத்துப் பராமரிப்பது. மனிதன் காய்ச்சி இறக்கும்போது பானையில் பீர் இருப்பதில்லை. ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு ஏறிய சர்க்கரைத் தண்ணீர்தான் இருக்கிறது. அதை வோர்ட் என்கிறார்கள். வோர்ட்டை பீராக மாற்றுவது ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்த மால்ட், எந்த ஹாப்ஸ் என்று வாரக்கணக்கில் தேடிவிட்டு, ஈஸ்ட்டை பாக்கெட்டோடு வரும் ஒரு பொடியாக மட்டும் நினைத்துவிடுகிறார்கள். முதல் பீர் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

மால்ட்டைப் புரிந்துகொள்ள நம் வீட்டுக் கேழ்வரகே போதும். முளைகட்டாத கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் சீக்கிரம் இறுகிவிடும். முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவில் காய்ச்சினால் கஞ்சி நீர்த்து, லேசாக இனிக்கும். குழந்தைக்கு ஊட்ட வசதி. முளைவிடும் தானியம், தன் குருத்துக்கு உணவு கொடுப்பதற்காக, சேர்த்துவைத்த மாவுச்சத்தை அமைலேஸ் என்னும் நொதியால் வெட்டிச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிடுவதே இதற்குக் காரணம். பார்லியையும் இப்படியே ஊறவைத்து, முளைவிடச் செய்து, முளை நீள்வதற்குள் சூட்டில் உலர்த்தி நிறுத்தினால் அது மால்ட். உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால், நொதிகள் மிச்ச வேலையை முடித்துவிடும். சூடு குறைந்த பக்கம் இருந்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம் கிடைத்து, பீர் மெலிதாக வரும். கூடிய பக்கம் இருந்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீளச் சர்க்கரைகள் தங்கி, பீர் கனமாக வரும்.

தொடங்குகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். மால்ட்டின் இனிப்பு நீரை ஏற்கெனவே வற்றவைத்துப் பாகாகவும் பொடியாகவும் விற்கிறார்கள். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அந்தக் காலத்தில் மால்ட் பாகு டப்பாக்கள் மளிகைக் கடைகளில் தாராளமாக விற்றன. ரொட்டி சுடுவதற்கு என்று சொல்லித்தான் விற்பனை. அத்தனையும் ரொட்டிக்குப் போகவில்லை என்பது விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்வதற்கு அனுமதி கிடைத்தது, பீர் விடுபட்டுப்போனது. 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்த இடைவெளியை அடைத்தது. வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர், வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். இருவர் உள்ள வீட்டுக்கு அதில் இரண்டு மடங்கு. விற்கக் கூடாது. இறுதி முடிவு மாநிலங்களின் கையில் இருந்ததால், அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன.

தம்பி அன்று எடுத்துக்கொண்டது 19 லிட்டருக்கு 2.5 கிலோ மால்ட் பொடி. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் பொடியைக் கலக்கினான். அணைக்காமல் கொட்டினால் அடியில் பிடித்துக் கருகும். மறுபடி கொதி வந்தபோது பால் பொங்குவதுபோல நுரை குபீரென்று மேலே ஏறியது. அந்த ஐந்து நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நுரை அடங்கிய பிறகு 28 கிராம் ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டான். இறக்கும் தறுவாயில் இன்னொரு 28 கிராம்.

ஹாப்ஸ் கஞ்சா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் பூ. அதில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் தண்ணீரில் எளிதில் கரையாதவை. நெடுநேரம் கொதிக்கும்போது அவற்றின் மூலக்கூறு வடிவம் மாறுகிறது. அப்போதுதான் அவை கரைந்து கசப்பைத் தருகின்றன. அந்தக் கசப்புக்குப் பல பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் குணமும் உண்டு. ஈஸ்ட்டை அது தொந்தரவு செய்வதில்லை. மணம் தரும் எண்ணெய்களோ ஆவியோடு பறந்துவிடும். முதலில் போடுவது கசப்புக்கு, கடைசியில் போடுவது மணத்துக்கு. தம்பி வாங்கியிருந்தது கேஸ்கேட் ரகம். ஓரிகன் மாநிலத்திலேயே உருவாக்கப்பட்டு 1972-இல் வெளியிடப்பட்ட ரகம் அது. சாத்துக்குடித் தோலைக் கிள்ளியதுபோல ஒரு வாசனை. சியரா நெவாடா நிறுவனம் புகழ்பெற்றது இந்த ஹாப்ஸ் மணக்கும் பேல் ஏல் பீரால்தான். அதைத் தொடங்கிய கென் கிராஸ்மன் அதற்கு முன் கலிபோர்னியாவின் சிக்கோ ஊரில் வீட்டு பீருக்கான பொருள் விற்கும் கடை நடத்தியவர்.

கொதி நின்றதும் எல்லாம் அவசரம். கொதிக்கும்வரை எந்தக் கிருமிக்கும் பயப்பட வேண்டாம். ஆறத் தொடங்கியதும் அந்த இனிப்பு நீர் காற்றில் மிதக்கும் எல்லாவற்றுக்கும் பந்தி விரிக்கிறது. பானையைத் தொட்டியில் ஐஸ் தண்ணீரில் இறக்கி, அரைமணிக்குள் 20 டிகிரிக்குக் கொண்டுவந்தான். வாளிக்கு மாற்றி, மூடி, இரண்டு கையாலும் நன்றாகக் குலுக்கினான். ஈஸ்ட் பெருகும்போது தன் செல்சவ்வைக் கட்ட ஆக்சிஜன் கேட்கும். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் காற்று வேண்டும். நொதித்தல் தொடங்கிய பிறகு காற்று பட்டால் பீர் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும்.

பிறகு பாக்கெட்டை வெட்டி 11 கிராம் ஈஸ்ட்டைத் தூவினான். ஒரு கைப்பிடிகூட இல்லாத அந்தப் பொடியில் பல ஆயிரம் கோடி உயிர்கள் உறங்குகின்றன. மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகள் இவற்றைப் பற்றித் தெரியாமலேயே பீர் குடித்தார்கள். பவேரியாவில் 1516-இல் போட்ட புகழ்பெற்ற பீர்ச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றை மட்டுமே சொல்லிற்று. ஈஸ்ட் அதில் இல்லை. லூயி பாஸ்டர் 1876-இல் பீரைப் பற்றி ஒரு நூலே எழுதி, நல்ல பீரும் கெட்ட பீரும் எந்த நுண்ணுயிர் அதில் வாழ்கிறது என்பதைப் பொறுத்தவை என்று காட்டினார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அந்த ஈஸ்ட்டை கார்ல்ஸ்பர்க் பூட்டிவைக்கவில்லை, மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. இன்று ஒரு சமையலறையில் கத்தரிக்கோலால் வெட்டப்படும் பாக்கெட் அந்த வேலையிலிருந்து வந்ததுதான்.

இனி செய்ய வேண்டியது சூட்டைப் பார்த்துக்கொள்வது மட்டும். ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி போதும். நொதித்தலே வெப்பம் வெளியிடும் வினை என்பதால், வாளிக்குள் அறையைவிட மூன்று நான்கு டிகிரி ஏறிவிடும். தம்பி இதற்கு முந்தைய தடவை வாளியை அறைச் சூடேற்றிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டானாம். சூடு மிஞ்சினால் ஈஸ்ட் வெறிகொண்டு ஓடி, கனமான ஆல்கஹால்களையும் எஸ்டர்களையும் கொட்டும். பீரில் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை வந்ததாகச் சொன்னான். 19 லிட்டரையும் தொட்டியில் ஊற்றியிருக்கிறான்.

இந்த முறை படுக்கையறையின் மூலையில், ஈரத்துணி சுற்றிய வாளி. மூடியில் தண்ணீர் நிரப்பிய ஏர்லாக்: உள்ளிருந்து வாயு வெளியேறலாம், வெளிக்காற்று உள்ளே போகாது. மறுநாள் காலையில் டொக் டொக்கென்று குமிழி விட ஆரம்பித்தது. நான் ஆர்வத்தில் மூடியில் கைவைத்தபோது, "திறக்காதீங்கண்ணா" என்று ஓடிவந்தான். இந்த அளவு பீரிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கும் என்று அன்றிரவு கணக்குப் போட்டோம். சுமார் 350 லிட்டர் வந்தது. இறுக மூடிய பாத்திரத்தில் நொதிக்கவைத்தால் ஏன் வெடிக்கும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நான்காம் நாள் குமிழி அடங்கியது. முடிந்துவிட்டதா என்றால், இல்லை. ஓட்டத்தின் நடுவே ஈஸ்ட் வெளியே தள்ளிய பொருள்கள் பீரில் மிதக்கின்றன: பச்சை ஆப்பிள் மணக்கும் அசிட்டால்டிஹைடு, வெண்ணெய் மணக்கும் டையசிட்டைல். சர்க்கரை தீர்ந்த பிறகு ஈஸ்ட் இவற்றைத் திரும்ப உறிஞ்சி மாற்றிவிடுகிறது. தான் போட்ட குப்பையைத் தானே பெருக்குகிறது. அதற்கு இன்னும் ஒரு வாரமாவது வேண்டும். பொறுக்காமல் இறக்கியவர்களின் பீரில்தான் அந்த வெண்ணெய் வாடை நின்றுவிடுகிறது.

முடிந்ததா என்று சொல்வது ஹைட்ரோமீட்டர். பால் சொசைட்டியில் பாலில் மிதக்கவிடும் லாக்டோமீட்டரின் உறவுக்காரன். காய்ச்சிய அன்று அடர்த்தி 1.048 என்று காட்டியது. பன்னிரண்டாம் நாள் 1.012, இரண்டு நாள் கழித்தும் அதே 1.012. குறைந்தது சர்க்கரை, கூடியது ஆல்கஹால். வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும்: 4.7. அளவு அசையாமல் நின்ற பிறகே பாட்டிலுக்கு மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஊர் வாசகருக்கு ஒரு பயம் எழுவது நியாயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கும் மேல் மாண்டார்கள். அந்தச் செய்தியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. மெத்தனால் தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் நஞ்சு. பார்லியை ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது அது ஆபத்தான அளவில் உண்டாவதில்லை; மெத்தனாலுக்கு மூலமான பெக்டின் தானியத்தில் மிகக் குறைவு. பீரில் வடித்தல் என்ற வேலையே கிடையாது. 1978-ஆம் ஆண்டுச் சட்டமும் சாராயம் வடிப்பதற்குப் பொருந்தாது. ஆனால் தமிழ்நாட்டில், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் எந்த மதுவைத் தயாரிப்பதும் குற்றம். சட்டம் இடம்கொடுக்கும் நாட்டில் இருப்பவர்கள் மட்டுமே இதைச் செய்து பார்க்கலாம்.

இரண்டு வாரம் கழித்து, இன்னொரு சனிக்கிழமை, பாட்டில் நிரப்பும் நாள். மறுபடியும் கழுவல்: ஐம்பதுக்கும் மேற்பட்ட பழுப்பு பாட்டில்கள். வெளிச்சம் ஹாப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைத்து நாற்றமாக்கும் என்பதால் பழுப்பு நிறம். 115 கிராம் குளுக்கோஸைக் கொதிக்கவைத்து பீரில் கலந்தான். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று, மூடிய பாட்டிலுக்குள் வாயுவை உண்டாக்கும். பீர் பொங்குவது இதனால்தான். இந்த அளவில் கைத்தாராளம் காட்டினால் பாட்டில் கண்ணாடிக் குண்டாகிவிடும். அவன் இரண்டு முறை நிறுத்துப் பார்த்தான்.

எல்லாப் பாட்டிலையும் மூடி முடித்தபோது காலியான வாளியின் அடியில், வெண்பழுப்பு நிறத்தில், இரண்டு விரல்கடை உயரத்துக்குச் சேறு படிந்திருந்தது. நான் வாளியைத் தூக்கிக் கழுவப் போனேன். தம்பி வாங்கிக் கீழே வைத்தான். அத்தனையும் ஈஸ்ட், பாக்கெட்டில் வந்ததைப்போலப் பல மடங்கு பெருகியிருந்தது. விடிகாலையிலேயே எழுந்து காய்ச்சி ஆறவைத்திருந்த புது வோர்ட்டை அந்தச் சேற்றின் மேலேயே ஊற்றி மூடினான். இரவு நாங்கள் சாப்பிட்டு எழுவதற்குள் ஏர்லாக்கில் குமிழி வர ஆரம்பித்துவிட்டது.