யவனர் என்றால் யார்?

சங்கப் பாடல்களில் யவனர்களைச் சந்தித்திராத தமிழர் குறைவு. மிளகுக்காக மரக்கலம் ஏறி வந்த மேல்நாட்டார் அவர்கள். ஆனால் கிரேக்கர்கள் தங்களை அப்படிச் சொல்லிக் கொண்டதில்லை. ஹெல்லீனர் என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர்.

பின் யவனர் எங்கிருந்து வந்தார்கள்? கிரேக்கருள் டோரியர், ஏயோலியர், அக்கேயர், அயோனியர் என்று கிளைகள் உண்டு. இன்று துருக்கியின் மேற்குக் கரையாக உள்ள பகுதியில் மிலீட்டஸ், எபேசஸ் முதலிய 12 நகரங்களை அமைத்து வாழ்ந்தவர்கள் அயோனியர். கிழக்கேயிருந்து படையெடுத்து வந்த பாரசீகர் எதிரில் இருந்தவர்கள் இவர்களே. 'யௌனா' என்று இவர்களை அழைத்த பாரசீகர், பிறகு எல்லாக் கிரேக்கருக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். வடமொழி யவனரும், நம் யவனரும், யூனானி வைத்தியத்தில் உள்ள யூனானும் அந்த வேரில் கிளைத்தவைதாம்.

கிழக்கே இவ்வளவு செல்வாக்குப் பெற்ற பெயருக்குச் சொந்தக்காரர்களிடம் மதிப்பில்லை! ஏதென்ஸ் மக்களும் அயோனிய வம்சமே. ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டார்கள் என்கிறார் சரித்திர ஆசிரியர் ஹெரோடோட்டஸ். சுத்த ரத்தம் என்று பெருமை பேசிய அயோனியரையும் அவர் விடவில்லை. மிலீட்டஸில் குடியேறியவர்கள் மனைவியரை அழைத்து வரவில்லையாம். உள்ளூர்க் காரியர்களைக் கொன்றுவிட்டு, அவர்கள் வீட்டுப் பெண்களையே மணந்தார்களாம். அந்தப் பெண்கள், கணவனோடு சேர்ந்து உண்பதில்லை, பெயர் சொல்லி அழைப்பதில்லை என்று சபதம் செய்து, மகள்மாருக்கும் அதை விதியாக்கினார்கள். பெயர் சொல்லாதது அங்கே மரியாதையால் அல்ல, ஆறாத கோபத்தால். ஹெரோடோட்டஸ் பிறந்த ஊர் டோரியர் ஊர் என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது.

கி.மு. 499-இல் அயோனியர் பாரசீகரை எதிர்த்துக் கிளம்பினார்கள். ஏதென்ஸ் 20 கப்பல்களை அனுப்பியது, பிறகு கைவிட்டது. கி.மு. 494-இல் மிலீட்டஸ் வீழ்ந்தது. ஆண்களில் பெரும்பாலோர் மடிந்தனர். பெண்டு பிள்ளைகள் அடிமைகளாயினர். பிரினிக்கஸ் என்ற கவிஞர் இதை ஏதென்ஸில் நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. கவிஞருக்கோ 1,000 டிராக்மா அபராதம், நாடகத்துக்குத் தடை. அவர் செய்த குற்றம் என்ன தெரியுமா? சொந்த வீட்டுத் துக்கத்தை நினைவூட்டியது! வெட்கப்பட்ட உறவுதான், ஆனாலும் ரத்த பாசம் விடவில்லை.

கி.மு. 480-இல் பாரசீகக் கடற்படையில் அயோனியக் கப்பல்களும் வந்தன. அவர்கள் தண்ணீர் எடுக்கும் இடங்களில், 'எங்கள் பக்கம் வந்துவிடுங்கள்' என்று ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டாக்கிளிஸ் பாறைகளில் எழுதி வைத்தார். பலன் சொற்பம். சலாமிஸ் போரில் அயோனியர் சொந்த இனத்தையே எதிர்த்து நின்றார்கள். மறு ஆண்டு, மைக்கலேயில்தான் கட்சி மாறினார்கள்.

1922-23-இல் அந்தக் கரையிலிருந்து கிரேக்கர்கள் அகதிகளாக வெளியேறினார்கள். துருக்கியர் மட்டும் கிரீஸ் நாட்டை இன்றும் 'யூனானிஸ்தான்' என்றே அழைக்கிறார்கள்.