கரி உருண்ட மரப்பாதை

கரும்பு வெட்டு நடக்கும்போது ஒரு மழை பெய்தால் போதும், ரிஷிவந்தியம் பக்கத்து மண்பாதையில் பார வண்டியின் சக்கரம் குடம் வரை புதைந்துவிடும். மாடு முட்டி போட்டு இழுத்தாலும் வண்டி அசையாது.

நானூறு ஆண்டுக்கு முன் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். ஆற்றங்கரை வரை கரி வந்துவிட்டால், மிச்சத்தைப் படகு பார்த்துக்கொள்ளும். அதுவரையிலான சேற்றில்தான் லாபமெல்லாம் கரைந்தது. 1604-இல் ஹண்டிங்டன் போமான்ட் என்பவர் நாட்டிங்ஹாம் அருகே ஸ்ட்ரெல்லியிலிருந்து வொல்லாட்டன் வரை, சுமார் மூன்று கிலோமீட்டருக்கு, மரச்சட்டங்களைப் பதித்து அவற்றின்மேல் குதிரை வண்டிகளை ஓட்டினார். தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் முதன்முதலில் ஓடியது அதற்கு இருநூறு ஆண்டு கழித்து, 1804-இல்தான். ஆனால் போமான்ட் 1624-இல் கடனாளியாகச் சிறையிலேயே இறந்தார். ரயிலின் கதையை அவரிடமிருந்து தொடங்குவதே நியாயம்.

வடகிழக்கே டைன் ஆற்றங்கரையில் இந்த மரப்பாதைகள் பெருகின. ஒரு குதிரை, ஒரு வண்டி, இரண்டரை டன்னுக்கு மேல் கரி! ஆற்றை நோக்கிய இறக்கத்தில் வண்டி தானே உருளும். வண்டிக்காரர் குதிரையை அவிழ்த்துப் பின்னால் நடக்கவிட்டு, நீண்ட மரக்கட்டையின் நுனியில் தன் முழு எடையையும் போட்டு உட்காருவார். கட்டை சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும். மழையில் மரம் வழுக்கினால் அவர் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. இப்படி இறங்கிய கரி படகேறி, கப்பலேறி லண்டன் அடுப்புகளுக்குப் போனது. ஓடைப் பள்ளம் ஒன்றைத் தாண்ட 1726-இல் கட்டி முடித்த கோஸி கல்பாலம், முப்பது மீட்டருக்கு மேல் அகன்ற ஒற்றை வளைவு, இன்னும் நிற்கிறது.

நம் ஊரிலும் தண்டவாளம் முதலில் சுமந்தது சுமையைத்தான். சென்னையில் சாலை போட, செங்குன்றத்திலிருந்து செம்புறாங்கல் கொண்டுவர 1837-இல் ரயில்பாதை ஓடியது. ஆர்தர் காட்டனின் முயற்சி அது. பம்பாயில் பயணிகள் ரயில் புறப்பட இன்னும் பதினாறு ஆண்டு இருந்தது.

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். டைன் பக்கத்துக் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பின்னாளில் ரயில்பாதைகள் அமைத்த ஜார்ஜ் ஸ்டீபன்சன். அங்கே வண்டிப்பாதையின் அகலம் 4 அடி 8 அங்குலம். அதையே அவர் தம் ரயில்களுக்கும் வைத்துக்கொண்டார். பின்னர் அரை அங்குலம் கூடியது. மில்லிமீட்டரில் அது 1,435. சென்னை ஆலந்தூரில் மெட்ரோ ஏறுகிறவர்கள் குனிந்து பார்த்தால் தெரியும்: இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இருப்பது அந்த அகலம்தான்.